ஸ்பானர் நம் கையில். சாவி யார் கையில்?

"ஆறு ஆண்டு அல்லது ஆறு லட்சம் கிலோமீட்டர் - இதில் எது முந்துகிறதோ அது!" புது லாரி வாங்கும் தோழர்களுக்குக் கம்பெனிகள் சொல்லும் வாரண்டி வாசகம் இந்த மாதிரிதான் இருக்கிறது. சில வண்டிகளுக்கு நாலு ஆண்டு, நாலு லட்சம் என்பார்கள். எண் எதுவானாலும் வாசகத்தின் கடைசியில் நிற்கும் மூன்று சொற்களைத்தான் நாம் கவனிக்கச் சொல்கிறோம். எது முந்துகிறதோ அது!

எது முந்தும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாரி நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 கிலோமீட்டர். அய்ந்தே ஆண்டில் ஆறு லட்சம் தீர்ந்தது! நாலு லட்சத்து வாரண்டியானால் மூன்று ஆண்டு நாலு மாதத்தில் தீர்ந்தது! காலண்டரில் ஆறு ஆண்டு, சாலையில் அய்ந்து ஆண்டு. ஷெட்டில் தூங்குகிற வண்டிக்கு வாரண்டி முழு ஆயுளும் வாழ்கிறது. இரவு பகலாக உழைக்கிற வண்டிக்கு அற்ப ஆயுளில் போய்விடுகிறது. உழைப்பவனுக்குத்தான் பாதுகாப்பு முதலில் பறிபோகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் இருக்கிறது. முன்பு 7 என்று எண் போட்டிருந்த சாலை, இப்போது 44. வடக்கே சிறீநகர், தெற்கே கன்னியாகுமரி, நடுவே நம்முடைய புதுச்சத்திரம்! வழிப்போக்கன் தங்கி இளைப்பாறும் சத்திரம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1997 சனவரி 1-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு இரண்டு தொழில்கள் நாடறிந்த பெயரைத் தந்தன. ஒன்று கோழி, மற்றொன்று லாரி. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏர் பிடித்த கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. பாடி கட்டும் பட்டறையும், லேத்தும், பம்ப் பட்டறையும், டயர்க் கடையும் அதன் பின்னே வந்தன. சமையல் வாயு ஏற்றும் டாங்கர் லாரி முதல் டிரெய்லர் வரை இந்தச் சமவெளியிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுதும் ஓடுகின்றன.

லாரிக்காரர் என்றதும் பெரிய முதலாளி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நூறு வண்டி வைத்திருப்பவர் ஒருவர் என்றால், ஒரே வண்டி வைத்து அதைத் தானே ஓட்டுபவர் எத்தனை பேர்! கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, மனைவியின் தாலிக்கொடி ஒன்று போக மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போய், பைனான்சில் கடன் வாங்கி, சேசிஸ் எடுத்துப் பாடி கட்டி, கண்ணாடியில் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு சாலைக்கு வந்தவர். சட்டத்தின் ஏட்டிலே அவர் முதலாளி. வாழ்க்கையின் ஏட்டிலே அவரும் தொழிலாளிதான். அந்த ஒற்றை வண்டிக்காரரைத்தான் இன்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

வாரண்டி தீர்ந்த மறுமாதம் வண்டி சாலையோரம் படுத்துவிடுகிறது. ஒரு சென்சார், ஓர் இன்ஜெக்டர், ஒரு டர்போ - எதுவோ ஒன்று. பில் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே வயிறு கலங்குகிறது. பில்லோடு போகிறதா? ஏற்றிய லோடு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று வாடகையில் பிடித்தம். அடுத்த நடை போச்சு. கிளீனருக்குப் படி கொடுத்தாக வேண்டும். சாலை வரி, இன்சூரன்ஸ், பெர்மிட்டு ஆகியவற்றுக்கான நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பைனான்சு டியூ தேதி தவறாமல் வந்து நிற்கிறது. வண்டி நின்றால் வட்டி நிற்குமா? இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார் ஒருவர். விபத்துக்குத்தான் அது உதவும். தேய்மானத்துக்கும், இயந்திரமோ மின்கருவியோ தானாகப் பழுதாவதற்கும் சாதாரண மோட்டார் பாலிசி காசு தராது.

"அந்தக் காலத்திலும் லாரி கெட்டுப் போகவில்லையா?" என்று கேட்கலாம். கெட்டது. எண்ணூரிலிருந்து லேலண்டு காமெட் வந்த காலம் ஒன்று உண்டு. 1954-இல் டாட்டா கம்பெனி செர்மனியின் டெய்ம்லர் பென்சோடு கைகோத்து லாரி செய்யத் தொடங்கிய காலம் ஒன்று உண்டு. அந்த வண்டிகளின் வயிற்றில் இருந்தது இரும்பும் எண்ணெயும். மைக்கோ பம்பைக் கழற்றி, கழுவி, அளவு வைத்து மாட்டுகிறவர் ஒவ்வொரு லாரி ஊரிலும் இருந்தார். என்ஜின் சத்தத்தைக் கேட்டே நாலாவது சிலிண்டரில் கோளாறு என்பார். பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டிருக்கலாம், பட்டறை கைவிடவில்லை. அவருடைய காதும் கையும்தான் அந்நாளில் ஏழை லாரிக்காரனுக்கு வாரண்டி!

இன்று நிலைமை வேறு. 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 4 விதி. 2020 ஏப்ரல் 1 முதல் ஒரேயடியாகப் பாரத் ஸ்டேஜ் 6. புகையில் நஞ்சைக் குறைக்க வேண்டும் என்பதற்காக வந்த விதிகள் இவை. புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நைட்ரஜன் நஞ்சை முறிக்க யூரியாக் கரைசலைப் பீச்சும் கருவி உண்டு. நஞ்சை அளக்கச் சென்சார்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, உத்தரவு போடும் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யூரியா தீர்ந்தாலோ, சென்சார் தப்புக் கணக்குச் சொன்னாலோ டாஷ்போர்டில் விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் பெட்டி என்ஜினின் இழுவையைத் தானாகவே குறைத்துவிடும். லோடு ஏற்றிய வண்டி மேட்டில் திணறும்.

சுத்தக் காற்று வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லவே இல்லை. லாரிப் புகை முதலில் புகுவது யார் நுரையீரலில்? டிரைவர், கிளீனர், சாலையோரப் பட்டறைக்காரர், டீக்கடைக்காரர் ஆகியோர் நுரையீரலில்தானே! புகை குறைவது நமக்கு லாபம். யூரியாப் பீச்சும் கருவியை ஏமாற்ற ஒரு சிறு பெட்டியை மாட்டித் தருகிறேன், செலவு மிச்சம் என்று யாராவது வந்தால் அவர்களை விரட்டுங்கள். அது சட்டத்துக்கும் விரோதம், நம் பிள்ளைகளின் மூச்சுக்கும் விரோதம். நாம் கேட்பது வேறு. காற்றைச் சுத்தம் செய்ய வந்த கருவியைப் பூட்டிச் சாவியைக் கம்பெனி தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது ஏன்?

பூட்டு என்றால் என்ன பூட்டு? விளக்கு எரிந்தால் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துகொள்ள ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் கடையில் கிடைக்கிறது. ஆனால் எல்லாக் கோளாறையும் எல்லா ஸ்கேனரும் படிப்பதில்லை. புது இன்ஜெக்டர் மாட்டினால் போதாது. அதன் மேல் பொறித்த எண்ணைக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் எழுத வேண்டும். எழுதக் கம்பெனியின் மென்பொருளும் அனுமதியும் வேண்டும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள புதுச்சத்திரத்து மெக்கானிக் கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன்னே நிற்கிறார். கோளாறு அவருக்குப் புரிகிறது, கதவுதான் திறக்கவில்லை. பிறகென்ன? வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். அங்கே சொன்னது விலை. அவர்கள் கொடுத்த நாள்தான் நாள். லாரிக்காரர் பணத்தை இழக்கிறார். பட்டறைக்காரர் தொழிலையே இழக்கிறார். ஒரே பூட்டு இரண்டு வீட்டு உலையை அணைக்கிறது.

இது ஏதோ நாமக்கல்லின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2014 ஆகஸ்டு 25-ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உதிரிப் பாகங்களையும் கோளாறு காணும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியே ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்யும் வழக்கம் கூடாது என்றும் கூறியது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின என்பது உண்மை. அந்த வழக்கு காரைப் பற்றியது என்பதும் உண்மை. ஆனால் காருக்கு நியாயமானது லாரிக்கு மட்டும் அநியாயமாகிவிடுமா? கார் நின்றால் பயணம் நிற்கும். லாரி நின்றால் அடுப்பல்லவா நிற்கும்!

2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை "ரிப்பேர் செய்யும் உரிமை" பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களை வெளியிட ஓர் இணைய தளமும் தொடங்கினார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளித்துவத்தின் தலைவாசல் என்கிறோமே, அங்கேயே மாசசூசெட்சு மாநிலத்து மக்கள் 2012-இல் வாக்களித்துக் கார் ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2015-இல் கனரக வண்டிகளுக்கும் கம்பெனிகள் ஓர் உடன்பாட்டுக்கு இறங்கி வந்தன. வாக்குப் பெட்டி அசைந்தால் கம்ப்யூட்டர்ப் பெட்டியும் திறக்கும் என்பதற்கு அது அத்தாட்சி.

நிற்க. சட்டம் வருகிறவரை ஒற்றை வண்டிக்காரர் என்ன செய்வது? வாரண்டி செத்தால் எல்லா உரிமையும் செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

வாரண்டி முடிந்த பிறகு ரிப்பேருக்குப் பணம் கொடுக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பணத்துக்கு ஒரு சேவையை வாங்குகிறீர்கள். சேவையில் குறையிருந்தால், அதாவது மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டாலோ, பார்த்த வேலை பத்தாம் நாளே பல்லிளித்தாலோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "லாரி வியாபார வண்டி, நீ நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். அவருக்குப் பதில் 1995-லேயே உச்ச நீதிமன்றத்தில் கிடைத்துவிட்டது. லட்சுமி என்ஜினியரிங் என்ற நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கும் நடந்த வழக்கில் நீதிமன்றம் லாரியையே உதாரணமாகச் சொன்னது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான்! வாங்கிய வண்டியை முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டமும் இதே பாகுபாட்டை வைத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. கம்பெனி பம்பாயில் இருந்தாலும், சென்னையில் இருந்தாலும், வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். புதுச்சத்திரத்துக்காரர் நாமக்கல்லிலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதை மறந்துவிடக் கூடாது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியலாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் கையில் காகிதம் இருக்க வேண்டும், தோழர்களே! நியாயம் நெஞ்சில் இருந்தால் போதாது, பீரோவிலும் இருக்க வேண்டும். ஆகவே சில வழக்கங்களை இன்றே தொடங்குங்கள்.

முதலாவது, வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வண்டியை முழுதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சின்னச் சத்தமானாலும், எண்ணெய்க் கசிவானாலும், அவ்வப்போது எரிந்து அணையும் விளக்கானாலும், ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டிக்குள் எழுதிய குறை வாரண்டிக்குப் பிறகு பெரிதாக வெடித்தால், அது பழைய குறையே என்று காட்ட அந்தக் காகிதம்தான் சாட்சி. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

இரண்டாவது, வேலை தொடங்குமுன் எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். அதற்கு மேல் செலவானால் உங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். பெரிய தொகையானால் ஸ்கேனர் காட்டிய கோளாறு எண்ணைக் குறித்துக்கொண்டு இன்னோர் இடத்திலும் விசாரியுங்கள். எரிகிற விளக்கு சென்சாரைக் காட்டும். குற்றவாளி அறுந்த ஒயராகவோ கலப்பட யூரியாவாகவோ இருக்கலாம். ஒயர் போனதற்குச் சென்சாரை மாற்றினால் பணமும் போகும், விளக்கும் அணையாது.

மூன்றாவது, மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லின் வரிக் கட்டத்தையும் பாருங்கள். மோட்டார் உதிரிப் பாகங்களில் பலவற்றுக்கு 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. குறைந்த வரி உங்கள் பில்லுக்கு வந்து சேர்ந்ததா, வழியில் யாராவது இறக்கிக்கொண்டார்களா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

நான்காவது, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பத்தாயிரம் ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரம். கடினம்தான், தெரிகிறது. வாடகை கட்டுப்படியாகாத காலத்தில் ஒரு ரூபாயும் பெரிது. என்றாலும் வாரண்டி முடிந்த நாளில் கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்பதைவிட இது எளிது. காசில்லை என்று பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அங்கே மிச்சம் பிடிக்கிற பணத்துக்கு விலையாகப் போவது உயிர்.

ஆனால் தனி மனிதர் எத்தனை விழிப்பாக இருந்தாலும் கம்பெனி பெரிது, அவர் சிறிது. இதற்குச் சட்டமே ஒரு வழி காட்டுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, சாலையில் போவோருக்கோ கேடு செய்யும் குறை ஒரே மாடலில் இருக்கிறது என்று குறிப்பிட்ட விழுக்காடு உரிமையாளர்கள் புகார் செய்தால், அந்த வண்டிகளைத் திரும்பப் பெறக் கம்பெனிக்கு அரசு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். வாரண்டி முடிந்ததா என்ற கேள்வி அங்கே தடையல்ல. கூர்ந்து பாருங்கள்! ஒருவர் புகார் செய்தால் அது முணுமுணுப்பு. பலர் சேர்ந்து செய்தால் அது சட்டத்தின் குரல். ஒரே மாடலில் ஒரே பாகம் பத்து வண்டியில் போனால், பத்துப் பேரும் பத்து டீக்கடையில் திட்டிவிட்டுப் போவதால் யாருக்கு லாபம்? கம்பெனிக்குத்தான்!

எனவே இயக்கத் தோழர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்கிறோம். புதுச்சத்திரம் வட்டாரத்திலும் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கங்களிலும் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த மாடல், எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில் போனது, எவ்வளவு பில் என்று லாரிக்காரர்கள் எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும். வாரண்டிப் புத்தகத்தை உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லட்டும். எந்தப் பாகத்துக்குக் காப்பு உண்டு, கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பில்டர் போலத் தேய்கிற பாகங்களுக்கு ஏன் இல்லை என்பதை வாங்குமுன்பே தெரிந்துகொள்ள வேண்டாமா? லாரி உரிமையாளர் சங்கங்களும் மெக்கானிக்குகளும் பகையின்றிக் கூடி, பல கம்பெனி வண்டிகளையும் படிக்கிற நல்ல ஸ்கேனர் ஒன்றைப் பொதுவில் வாங்கலாம். ஒருவருக்குப் பாரமானது நூறு பேருக்குப் பாரமல்ல.

அரசுக்கும் கோரிக்கை உண்டு. லாரி கம்பெனிகள் கோளாறு எண்களையும், ரிப்பேர் முறையையும், மென்பொருளையும் நியாயமான விலையில் வெளிப் பட்டறைகளுக்குத் தரச் சட்டம் வேண்டும். வாரண்டி நிபந்தனைகள் தமிழ்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குத் தமிழில் அச்சாக வேண்டும். படித்துப் புரியாத நிபந்தனைக்கு ஒருவனைக் கையெழுத்திட வைப்பது எந்த நாட்டு நியாயம்? அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பட்டறைத் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி, பாரத் ஸ்டேஜ் 6 வண்டியின் மின்கருவி வேலையைக் கற்றுத்தர வேண்டும். டீசல் பம்பைக் கற்றுக்கொண்ட கை கம்ப்யூட்டரையும் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள வராது என்று சொல்பவர்கள் அந்தக் கையை அறியாதவர்கள்.

வண்டியை விற்றது கம்பெனி. விலையைக் கொடுத்தது லாரிக்காரர். விலை கொடுத்து வாங்கியவருக்கு அதைத் திறந்து பார்க்கவும், தனக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி பார்க்கவும் உரிமை வேண்டும். அந்த உரிமை கிடைக்கும் வரை புதுச்சத்திரத்துச் சாலையோரம் நிற்கும் ஒவ்வொரு லாரியும் நம் கோரிக்கைப் பலகைதான். நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள், தோழர்களே! முதல் பெயரை இன்றே எழுதுங்கள்!